ருமேனியப் பெயர் 'ராது': எங்கிருந்து வந்தது, எப்படி நிலைத்தது?

கேள்வி இதுதான்: டென்னிஸ் வீராங்கனை எம்மா ராடுகானுவின் குடும்பப்பெயருக்குள் இருக்கும் 'ராடு' ருமேனியாவில் ஆண்களுக்கு வைக்கும் பழைய பெயர் என்கிறார்களே, அதன் பொருள் என்ன? லத்தீனா, ரோமானியருக்கு முன் அங்கே வாழ்ந்த டேசியர்களின் பெயரா, வேறு ஏதாவதா? எவ்வளவு பழையது?

முதலில் உச்சரிப்பைச் சரிசெய்துகொள்வோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து நம் செய்தித்தாள்கள் 'ராடு' என்று எழுதுகின்றன. ருமேனிய மொழியின் 'ட' ஒலி நாக்கு நுனி பல்லில் படும் ஒலி; நாக்கை மடக்கிச் சொல்வதல்ல. 'காது', 'மாது' என்ற சொற்களில் வரும் 'து'தான் அதற்கு மிக நெருக்கம். ஆகவே 'ராது' என்று எழுதினால் ருமேனியர் சொல்வதற்குப் பக்கத்தில் போய்விடலாம். இனி அப்படியே எழுதுகிறேன்.

வேர் ஸ்லாவியம், அதாவது ரஷ்யம், செர்பியம் போன்றவை அடங்கிய மொழிக்குடும்பம். இதில் மொழியறிஞர்களுக்குள் தகராறு இல்லை. 'மகிழ்ச்சியான', 'மனமுவந்த' என்ற பொருள்தரும் 'ராத்' என்ற பழைய ஸ்லாவியச் சொல் இன்றைய ரஷ்ய மொழியிலும் உயிரோடு இருக்கிறது. ராதோஸ்லாவ், ராதோமிர், ராதோவான், மிலோராத் என்று ஸ்லாவிய நாடுகளில் இந்த வேரிலிருந்து பிறந்த பெயர்கள் ஏராளம். இரண்டு உறுப்புகள் கொண்ட அத்தகைய நீளப் பெயர்களைச் சுருக்கி 'ராத்', 'ராதே', 'ராதோ' என்று கூப்பிடுவது வழக்கம். அந்தச் சுருக்க வடிவம்தான் ருமேனியர்களிடம் வந்து சேர்ந்தது.

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் 'உழைப்பாளி' என்று ஒரு பொருள் போட்டிருப்பார்கள். இன்றைய செர்பிய மொழியில் 'ராத்' என்றால் வேலை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு செய்த ஊகம் அது. 'டேசியர் காலத்துப் பெயர்' என்பதற்கு எந்தக் கல்வெட்டும் சான்றில்லை. லத்தீனில் கதிரைக் குறிக்கும் 'ராதியுஸ்' என்ற சொல்லோடு முடிச்சுப் போடுவதும் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிச் செய்வது.

லத்தீன் வழி வந்த மொழி பேசுகிறவர்களுக்கு ஸ்லாவியப் பெயர் எப்படி? 6, 7ஆம் நூற்றாண்டுகளில் ஸ்லாவியர்கள் தன்யூப் ஆற்றின் இருகரையிலும் குடியேறினார்கள். பிறகு வந்த நூற்றாண்டுகளில் ருமேனியர்களின் வழிபாட்டு மொழியும் அரச ஆவண மொழியும் பழைய திருச்சபை ஸ்லாவியமாகவே இருந்தன. 17ஆம் நூற்றாண்டு வரை அதன் பிடி தளரவில்லை. பெயர்கள் அந்த வழியில் வந்து குவிந்தன: விளாத், மிர்ச்சா, பொக்தான், திராகோஷ், நியாகொயே, ஸ்தான், பிரேதா. ஒரே வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிராகுலா கதையால் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்ட விளாத் ட்சேபெஷின் தந்தை விளாத் திராகுல். அவருடைய மகன்கள் மிர்ச்சா, விளாத், ராது. மூன்றும் ஸ்லாவிய வேர். பெற்றோர் பேசியதோ ருமேனிய மொழி.

ஆனால் வேர் மட்டும்தான் ஸ்லாவியம். பெயரின் இன்றைய உருவத்தைச் செய்தது ருமேனிய மொழி. எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பலர் கவனிக்காமல் தாண்டிப்போவதும் இதையேதான்.

ருமேனிய மொழியில் சுட்டு ஒட்டு சொல்லின் முன்னால் வராது, பின்னால் ஒட்டும். 'லுப்' என்றால் ஓநாய். 'லுபுல்' என்றால் அந்த ஓநாய். பேச்சில் கடைசி 'ல்' விழுந்து 'லுபு' ஆகிவிடும். ஆண்பெயர்கள் சிலவற்றுக்கும் இதே ஒட்டைச் சேர்த்தார்கள். 'ராத்' இப்படித்தான் 'ராதுல்' ஆனது; பேச்சில் 'ல்' தேய்ந்து 'ராது' ஆனது. இடைக்கால அரச ஆவணங்களைத் திறந்தால் 'ராதுல் வொயெவோத்' என்றுதான் இருக்கும் (வொயெவோத் என்பது ஆளும் இளவரசரின் பட்டம்). ஆவணம் ஸ்லாவிய மொழியில், ரஷ்ய மொழிக்கு வழங்கும் சிரில்லிக் எழுத்தில். பெயரின் வால் மட்டும் ருமேனியம். இடைக்காலச் செர்பியப் பட்டயங்களில் 'ராதுல்' என்று ஒருவர் வந்தால், அவர் ருமேனிய இனத்தோடு உறவுடைய வ்லாக் இடையர் என்று ஆய்வாளர்கள் ஊகிப்பதற்கும் இந்த 'ல்'தான் காரணம்.

விழுந்த 'ல்' இன்றும் மூன்று இடங்களில் எட்டிப்பார்க்கும். ஒன்று, விளி: கூப்பிடும்போது 'ராதுலே!' என்பார்கள். இரண்டு, பழைய வேற்றுமை வடிவம்: இன்று 'ராதுவின்' என்று சொல்ல 'லுய் ராது' என்கிறார்கள், பழைய நூல்களில் அது 'ராதுலுய்'. மூன்று, குடும்பப்பெயர்: 'ரதுலெஸ்கு'. அதைப் பிரித்தால் ராதுல், எஸ்கு. 'ராது'வோடு 'எஸ்கு'வை நேராகச் சேர்த்தால் நடுவில் 'ல்' வர வழியே இல்லை. விளாத், பொக்தான், ஸ்தான் எல்லாம் மெய்யெழுத்தில் முடிகையில் ராது, நியாகு, தினு ஆகியவை உகரத்தில் முடிவதும் இதனால்தான். பொதுவாக ருமேனியச் சொற்களில் கடைசி உகரம் விழுந்துவிடும். இங்கே 'ல்' முட்டுக்கொடுத்ததால் அது தப்பித்தது.

இன்னொரு ஒலி மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 'ராது'வில் அழுத்தம் முதல் அசையில் விழும். அதனால் 'ரா' முழுதாக ஒலிக்கும். விகுதி சேர்ந்து அழுத்தம் பின்னால் நகர்ந்தால் முதல் அசையின் உயிர் மங்கி, வாயைப் பாதி திறந்து சொல்லும் குறுகிய அகரமாகிவிடும். ருமேனிய எழுத்தில் அதற்கு அகரத்தின் தலையில் பிறைக் குறி போடுவார்கள். ஆகவே ராது, ஆனால் ரதுக்கு, ரதுலெஸ்கு, ரதுகானு. ஆங்கிலத்தில் பிறை உதிர்ந்துவிடுவதால் எல்லாம் 'ரா' என்று தெரிகிறது.

இனி வரலாறு. ராது முதன்மையாக வலாக்கியாவின் பெயர். கார்ப்பாத்திய மலைக்கும் தன்யூபுக்கும் இடைப்பட்ட தெற்கு ருமேனியாதான் வலாக்கியா. கிழக்கே மோல்டாவியாவின் அரியணைப் பெயர்கள் ஷ்தெஃபான், பொக்தான், பெத்ரு, அலெக்சாந்த்ரு. வலாக்கியாவிலோ ராது என்ற பெயரில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டிருக்கிறார்கள்.

ஆவணங்களில் உறுதியாக நிற்கும் முதலாமவர் முதலாம் ராது. ஏறத்தாழ 1377 முதல் 1383 வரை ஆண்டவர், மிர்ச்சா செல் பத்ரின் என்ற பெரும் ஆட்சியாளரின் தந்தை. ஆனால் ருமேனியாவில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் ராது நேக்ரு, அதாவது கறுப்பு ராது. திரான்சில்வேனியாவின் ஃபகராஷ் பகுதியிலிருந்து 1290இல் மலையைத் தாண்டி வந்து, கிம்புலுங்கில் இறங்கி, வலாக்கியாவை நிறுவினார் என்பது கதை. இது எழுத்தில் வருவது 17ஆம் நூற்றாண்டின் வலாக்கிய வரலாற்றேட்டில். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு. 1290ஐ ஒட்டிய ஆவணம் எதிலும் அப்படி ஒரு ஆட்சியாளர் இல்லை. ஆவணங்கள் காட்டும் நிறுவனர் முதலாம் பசராப். 1330இல் பொசாதாவில் ஹங்கேரி மன்னர் முதலாம் சார்லஸை முறியடித்தவர். பசராபின் செயலும், பேரன் முதலாம் ராதுவின் பெயரும் மக்கள் நினைவில் கலந்து ராது நேக்ரு உருவாகியிருக்க வேண்டும் என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையது. 'ராது என்ற பெயர் 1290இல் தொடங்கியது' என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம்.

1920இல் குர்த்தியா தெ ஆர்ஜெஷ் நகரின் புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் தோண்டியபோது, கோட்டை வடிவத்தில் பொன் இடைவார்க் கொக்கி அணிந்த ஒரு இளவரசரின் கல்லறை கிடைத்தது. 'ராது நேக்ருவின் கல்லறை' என்றே அது பரபரப்பானது. உடல் முதலாம் ராதுவுடையதா, அவருடைய அண்ணன் விளாதிஸ்லாவ் விளாய்க்குவுடையதா என்ற விவாதம் நீண்டது; 1290இன் நிறுவனருடையதாக இருக்க வழியில்லை என்பதில் மட்டும் தெளிவு உண்டு.

ஆட்சியாளர்கள் பலர் ஒரே பெயரில் இருந்ததால் அடைமொழிகள் சேர்ந்தன. பின்னாளில் எண்கள் கொடுத்தது வரலாற்றாசிரியர்களின் வசதிக்கு. அவர்கள் காலத்தில் யாரும் 'மூன்றாம் ராது' என்று கையெழுத்துப் போடவில்லை. அழகன் ராது (ராது செல் ஃப்ருமோஸ்) விளாத் ட்சேபெஷின் தம்பி. 1440களில் இருவரும் உஸ்மானியரிடம் (ஒட்டோமான் துருக்கியரிடம்) பிணையாக வளர்ந்தார்கள். 1462இல் சுல்தானின் ஆதரவோடு அண்ணனை நீக்கிவிட்டு இவர் அரியணை ஏறினார். இவருடைய மகள் மரியா வொய்க்கித்சாவைத்தான் மோல்டாவியாவின் மகா ஷ்தெஃபான் மணந்துகொண்டார். பெரிய ராது (ராது செல் மாரே, 1495–1508) திர்கோவிஷ்தே அருகே தியாலு மடத்தைக் கல்லில் எழுப்பியவர். துறவி மக்காரியேவை அழைத்து அச்சுப் பணியைத் தொடங்கிவைத்தவரும் அவரே. ருமேனிய நிலத்தில் முதல் அச்சு நூலான ஸ்லாவிய வழிபாட்டுப் புத்தகம் 1508 நவம்பரில் முடிந்தபோது அவர் உயிரோடில்லை.

அஃபுமாத்ஸி ஊர் ராதுவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1522 முதல் 1529 வரை, அரியணையை இழப்பதும் மீட்பதுமாக உஸ்மானியரோடும் போட்டியாளர்களோடும் போரிட்டவர். 1529 ஜனவரியில் ரிம்னிக் நகரில் சொந்தப் பிரபுக்களாலேயே கொல்லப்பட்டார். குர்த்தியா தெ ஆர்ஜெஷ் மடத்தில் அவருடைய கல்லறைக் கல் இருக்கிறது: பாயும் குதிரை, காற்றில் விரியும் மேலங்கி, கையில் கதாயுதம், சுற்றிலும் அவர் நடத்திய ஏறத்தாழ இருபது போர்களின் பட்டியல். ருமேனிய இடைக்காலக் கல்வெட்டுகளில் இதற்கு இணை சொல்வது கடினம். ராது என்ற பெயரின் கனம் மக்கள் மனத்தில் எப்படி ஏறியது என்று கேட்டால் இந்தக் கல்லைத்தான் காட்டுவேன்.

அரச வம்சத்தின் பெயர் என்ற மதிப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு ராது பைசியே (1535–1545) நல்ல சான்று. பிறப்பில் பெத்ரு என்ற பெயர், துறவியாக பைசியே, ஆட்சிக்கு வந்ததும் ராது. தான் பெரிய ராதுவின் மகன் என்பது அவருடைய உரிமைக்கோரல். வலாக்கியாவில் மூத்த மகனே வாரிசு என்ற சட்டம் இல்லை. ஆளும் குடும்பத்தின் ரத்தம் இருந்தால் யாரும் போட்டியிடலாம், பிரபுக்கள் தேர்ந்தெடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பெயரே ஒரு சான்றிதழ்.

புக்காரெஸ்ட் போகிறவர்கள் ராது வொதா மடத்தைப் பார்ப்பார்கள். வொதா என்பது வொயெவோதின் சுருக்கம். அதைக் கட்டியவர் ராது அல்ல, 16ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அலெக்சாந்த்ரு மிர்ச்சா. 1595இல் உஸ்மானியத் தளபதி சினான் பாஷாவின் படை பின்வாங்கும்போது அதை அழித்தது. பேரன் ராது மிஹ்னியா மீண்டும் எழுப்பினார், 1626இல் இறந்தபின் அங்கேயே அடக்கமானார். பெயர் அதனால் வந்தது.

இப்போது பலரும் தவறாகச் சொல்லும் விஷயம்: பெயர்நாள். கீழைத் திருச்சபை மரபில் குழந்தைக்குப் புனிதர் பெயர் வைத்து, அந்தப் புனிதரின் திருநாளைப் பெயர்நாளாகக் கொண்டாடுவார்கள். பல குடும்பங்களில் பிறந்தநாளுக்கு இணையான கொண்டாட்டம். ராது என்ற புனிதர் நாட்காட்டியில் நெடுங்காலம் இல்லை. ஆகவே 'ராது நிக்கொலயே', 'ராது மிஹாய்' என்று ஒரு புனிதர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டு, அந்தப் புனிதரின் நாளில் கொண்டாடினார்கள். 'ராதுவுக்குப் பெயர்நாள் கிடையாது' என்று எழுதியிருப்பதெல்லாம் இந்தப் பழைய நிலையை வைத்துத்தான்.

1992இல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு ருமேனியத் திருச்சபை வலாக்கிய இளவரசர் கொன்ஸ்தாந்தின் பிரின்கொவியானுவையும், அவருடைய நான்கு மகன்களான கொன்ஸ்தாந்தின், ஷ்தெஃபான், ராது, மாத்தெய் ஆகியோரையும், ஆலோசகர் இயானாக்கே வக்கரெஸ்குவையும் புனிதர்களாக அறிவித்தது. 1714 மார்ச்சில் பதவி நீக்கப்பட்டு இஸ்தான்புலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர்கள், ஆகஸ்ட் 15 அன்று ஒருவர் பின் ஒருவராகத் தலை வெட்டப்பட்டார்கள். இஸ்லாத்தை ஏற்றால் உயிர் பிழைக்கலாம் என்ற வாய்ப்பை மறுத்தார்கள் என்பது திருச்சபை போற்றும் செய்தி. தந்தையின் கண்முன் மகன்கள் விழுந்தார்கள். ராது இருபதுகளில் இருந்த இளைஞர், மாத்தெய் சிறுவன். உடல்கள் கடலில் வீசப்பட்டன. மீட்டெடுக்கப்பட்ட பிரின்கொவியானுவின் எச்சத்தை மனைவி மாரிக்கா 1720இல் புக்காரெஸ்டின் புதிய புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குக் கொண்டுவந்து, பெயர் பொறிக்காத கல்லின்கீழ் மறைவாக அடக்கம் செய்தார். மேலே தொங்கிய விளக்கில் மட்டும் அடையாளம் இருந்தது. 1914இல்தான் அது படிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 15 மரியன்னையின் பெருவிழா என்பதால் இவர்களின் திருநாள் மறுநாள், ஆகஸ்ட் 16. எனவே இன்று ராது என்ற பெயருள்ளவருக்குத் திருச்சபை நாட்காட்டியிலேயே சொந்த நாள் உண்டு. ஒருவருக்கு வாழ்த்துச் சொல்வதாக இருந்தால் மட்டும் அவர் எந்த நாளைக் கொண்டாடுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1992க்கு முன் பிறந்தவர்கள் இரண்டாம் பெயரின் நாளையே தொடரக்கூடும்.

19ஆம் நூற்றாண்டில் ருமேனியப் படித்த வர்க்கம் லத்தீன் வேரை வலியுறுத்தத் தொடங்கியபோது த்ராயான், ஒவிதியு, லிவியு, ஆவ்ரெல் போன்ற ரோமானியப் பெயர்கள் பெருகின. ஸ்தான், பிரேதா போன்ற ஸ்லாவியப் பெயர்கள் கிராமத்துப் பெயர்களாக ஒதுங்கி, இன்று பெரும்பாலும் குடும்பப்பெயர்களாகவே எஞ்சியிருக்கின்றன. ராது ஒதுங்கவில்லை. நாட்டு வரலாற்றுப் பாடத்தில் வொயெவோத்களின் வரிசையில் இருந்த பெயர் என்பதால் வேரை யாரும் கேள்வி கேட்கவில்லை. பியானோ கலைஞர் ராது லுப்பு (1945–2022), 2021இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி வென்ற இயக்குநர் ராது ஜூதே என்று பெயர் இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது.

குடும்பப்பெயர்களுக்கு வருவோம். 'ரதுலெஸ்கு'வைப் பார்த்துவிட்டோம், 'எஸ்கு' என்பது 'இன்னாரைச் சேர்ந்த' என்ற பொருள்தரும் விகுதி. 1828இல் தன் இலக்கண நூலில் சிரில்லிக் எழுத்துகளைக் குறைத்து எளிமையாக்கிய இயோன் ஹெலியாதே ரதுலெஸ்கு இந்தப் பெயரின் புகழ்பெற்ற உரிமையாளர். 'ரதுகானு' வேறு பாதையில் வந்தது: ராது, செல்லப்பெயராக ரதுக்கு, அதில் 'ஆன்' என்ற விகுதி சேர்ந்து ரதுகான், கடைசியில் மீண்டும் அதே சுட்டு ஒட்டின் உகரம். பிரபுக் குடும்பங்களில் ரதுகானு தனிப்பெயராகவும் இருந்தது. கால்பந்து வீரர் ஃப்ளோரின் ரதுச்சோயுவின் பெயர் முடியும் 'ஓயு', தென்மேற்கே ஒல்தேனியாவில் மிகுதி. ரதோய், ரதுத்சா, ரதுலெத்ஸ் எல்லாம் இதே குடும்பம். பெண்பால் 'ராதா' உண்டு, ஆனால் அரிது. நம் ராதாவோடு ஒலியில் மட்டுமே ஒற்றுமை. பலர் 'ரலூக்கா'வையும் இதன் பெண்பாலாக நினைக்கிறார்கள். அது கிரேக்க 'ரலு'வோடு 'கா' சேர்ந்தது. கிரேக்கக் குடும்பங்கள் ஆண்ட 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பரவிய பெயர்.

இந்தப் பெயரில் ஒரு மூதாதையைத் தேடுகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

வலாக்கியாவில் பொதுமக்களுக்கு நிலையான குடும்பப்பெயர் வந்தது தாமதமாக. 1895ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டம்தான் அதை இறுக்கிக் கட்டியது. அதற்கு முன் ஒருவர் 'ராது சின் ஸ்தான்' என்று பதிவாவார். 'சின்' என்றால் மகன். அவருடைய மகன் 'இயோன் சின் ராது'. பேரனுக்கு வரும்போது ராது என்றோ ரதுலெஸ்கு என்றோ உறைந்திருக்கும், அண்ணன் தம்பிக்குள்ளேயே வேறுபட்டும் இருக்கலாம். 'ஜெத்' என்று இருந்தால் மருமகன்; அதைத் தந்தை பெயராக எடுத்துக்கொண்டால் கிளையே மாறிவிடும். எனவே குடும்பப்பெயரை மட்டும் வைத்து 1895க்குப் பின்னால் போகாதீர்கள். ஊர், தந்தை பெயர் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். ரதுலெஸ்குக்கள் எல்லாரும் உறவினர்கள் அல்லர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு ராது இருந்தார்.

அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1865 டிசம்பரில் தொடங்குகிறது. அதற்கு முந்தையவை 1830களிலிருந்து திருச்சபைப் பதிவேடுகளில். 1860களின் தொடக்கத்தில் லத்தீன் எழுத்து வரும்வரை எல்லாம் சிரில்லிக். இடையில் சில பத்தாண்டுகள் இரண்டு எழுத்தும் கலந்த இடைநிலை எழுத்து. இதில் 'ராது', 'ராதுல்', 'ராதுலு' என்று மூன்று விதமாகப் பார்த்தால் மூன்று ஆட்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இணையத் தேடலில் பிறைக் குறியோடும் இல்லாமலும் தேடுங்கள். பல தரவுத்தளங்கள் இரண்டையும் வேறுவேறு பெயராகவே வைத்திருக்கின்றன.

இடைக்கால ஆவணம் என்றால் 'தொகுமென்தா ரொமானியே ஹிஸ்தொரிகா' தொகுப்பின் 'பி' வரிசை வலாக்கியாவுக்கு உரியது. மூல ஆவணங்களில் ஆண்டு உலகப் படைப்பிலிருந்து எண்ணப்பட்டிருக்கும். ஆண்டு தொடங்குவது செப்டம்பர் 1. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையிலான தேதி என்றால் 5508ஐக் கழிக்க வேண்டும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் 5509ஐ. 7030ஆம் ஆண்டு மார்ச் என்று இருந்தால் 1522. அதே 7030 அக்டோபர் என்றால் 1521. மாதம் குறிக்காத ஆவணத்தில் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து '1521–1522' என்று குறித்துக்கொள்வதுதான் முறை. இதைக் கவனிக்காவிட்டால், ஒரே பெயரில் அடுத்தடுத்து ஆண்டவர்கள் இருக்கும் இந்த வம்சத்தில், ஆவணம் தவறான ராதுவின் கணக்கில் போய்ச் சேரும்.